தொலைவும் அண்மையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்களின் இலக்கிய விருந்தை உண்டு பழகியவர்கள் தாங்கள். இரயில்வே அலுவலகத்தில் கோப்பெழுதிப் பிழைப்பவர் யாம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவர். கம்பனைப் பற்றியோ வள்ளுவனைப் பற்றியோ தங்கள் முன் பேசும் தகுதி எமக்கில்லை. "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். எமக்குத் தெரிந்தது ஒன்றே. அதனை உலகத்தார் ஹாம் வானொலி என்பர். நாம் பொழுதுபோக்கு வானொலி எனலாம். அதனைப் பற்றிச் சிறிது கூறி, இறுதியில் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள விழைகிறோம்.

பொழுதுபோக்கு வானொலி என்பது பாட்டுக் கேட்கும் வானொலி அன்று. மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தன் வீட்டிலேயே ஒரு சிறு நிலையம் அமைத்து, அதே போன்ற நிலையம் வைத்திருக்கும் மற்றொருவரோடு உரையாடுவது அது. பன்னிரண்டு வயது நிரம்பியவர் எவரும் தேர்வெழுதலாம். நம் நாட்டவரின் அழைப்புக் குறி 'வி.யு.' என்னும் எழுத்துகளில் தொடங்கும். இதனைக் கொண்டு வாணிகம் செய்தல் ஆகாது. கூலி பெறுதல் ஆகாது. பேசுவதும் கேட்பதுமே இதன் பயன்.

எமக்கு இவ்வித்தை தந்தையார் வழி வந்தது. அவர் செங்கோட்டை இரயில் நிலையத்தில் தந்திக்காரராய்ப் பணியாற்றியவர். அந்நாளில் மலைவழிப் பாதையில் வண்டி வருவதும் போவதும் தந்தியில்தான் அறிவிக்கப்படும். புள்ளியும் கோடுமாகிய மோர்ஸ் ஒலியை அவர் பேச்சைப் போலவே கேட்பார். இரவு உணவின்போது எம் தாயார் அறியாதபடி சாப்பாட்டுத் தட்டில் விரலால் தட்டி, "குழம்பில் உப்பில்லை" என்று எமக்குச் செய்தி அனுப்புவார். பணியிலிருக்கும்போதே அவர் மறைந்தார்; அவருடைய குடும்பத்தார் என்ற முறையில் எமக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. யாம் பணியில் சேர்ந்தபோது தந்திக் கருவிகள் பழம்பொருள் அறைக்குப் போய்விட்டன. பொதுமக்களுக்கான தந்தியும் 2013 ஜூலையில் நின்றுபோயிற்று. தந்தையாரின் மொழி பேச ஆளில்லையே என்று வருந்தியிருந்தபோதுதான், அம்மொழி வானத்தில் இன்னும் வழங்குகிறது என்று அறிந்தோம். தேர்வெழுதி உரிமம் பெற்றோம்.

அன்பர்களே! இப்பொழுதுபோக்கின் வரலாறு சுவையானது. 1912ஆம் ஆண்டு அமெரிக்க அரசு ஒரு சட்டம் செய்தது. நீண்ட அலைகளே தொலைவு செல்லும் என்று அறிஞர் நம்பிய காலம் அது. ஆதலின் நல்ல அலைகளையெல்லாம் கப்பலுக்கும் படைக்கும் வைத்துக்கொண்டு, 200 மீட்டருக்குக் குறைந்த, எதற்கும் பயன்படா என்று கருதிய குற்றலைகளைப் பொழுதுபோக்காளரிடம் ஒதுக்கிவிட்டனர். ஒதுக்கப்பட்டவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1923 நவம்பரில் பிரான்சு நாட்டிலிருந்த ஒருவரும் அமெரிக்காவிலிருந்த ஒருவரும் ஏறத்தாழ 100 மீட்டர் அலையில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி இருவழியும் உரையாடினர். வேண்டாவென்று எறிந்த அலைகளே உலகைச் சுற்ற வல்லவை எனப் புலனாயிற்று. பிழைப்புத் தேடி எல்லை கடந்து வந்த நம் போன்றவர்க்கு இக்கதை தனி இன்பம் தரும்.

தமிழகத்தின் பங்கும் இதில் உண்டு. 1924 மே மாதம் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் முன்னின்று ஆர்வலர்களைக் கூட்டிச் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் அச்சங்கம் ஒலிபரப்பத் தொடங்கியது. 1927இல் பணமின்மையால் அது நின்றது. கருவி மாநகராட்சியிடம் சேர்ந்தது. 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பியது. அரசு செய்யுமுன்னே ஒரு சங்கம் செய்தது என்பதை இச்சங்கத்தார் மனத்திற்கொள்ள வேண்டுகிறோம்.

இனி, அலை எங்ஙனம் கடல் கடக்கிறது? பூமி உருண்டை, அலையோ நேரே செல்வது. வானத்தில் ஒரு கூரை இருப்பதால்தான் அது வளைந்து திரும்புகிறது. கதிரவனின் ஒளி மேற்காற்றைத் தாக்கி மின்னூட்டம் கொள்ளச் செய்கிறது. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அடுக்கு பகலில் அலைகளை விழுங்கும். பொழுது சாய்ந்ததும் அது கரைந்துவிடும். 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அடுக்கோ அலையைத் திருப்பி அனுப்பும். ஒரே தாவலில் 4,000 கிலோமீட்டர் வரையும் சேர்க்கும். ஆகவே பகலில் 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தொலைவு செல்லும். இரவில் 7, 3.5 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஓங்கும். கதிரவனில் புள்ளிகள் மிகுந்தால் கூரை வலிமை பெறும்; குறைந்தால் நலியும். சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை இஃது ஏறி இறங்கும். 2019இல் அடங்கிக் கிடந்த கதிரவன் 2024இல் உச்சம் எய்தியபோது, 28 மெகாஹெர்ட்ஸில் சிறு கருவியும் கண்டங்களைத் தாண்டியதை யாமே கண்டோம்.

இவ்வான்கூரையை ஆராய்வதில் நம் திருவனந்தபுரத்திற்கு நிகரான ஊர் உலகில் ஒரு சிலவே. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் 1837இல் இங்கே வானாய்வு நிலையம் எழுந்தது. அதன் பொறுப்பேற்று 1852இல் வந்த ஜான் ஆலன் புரௌன் என்னும் அறிஞர், காந்த ஊசி நாள்தோறும் சிறிது விலகி மீள்வதைக் குறித்துவந்தார். இங்கே மட்டுமன்றி, அகத்திய மலையின் உச்சியிலும் ஒரு சாவடி கட்டி அளந்தார். ஆம், தமிழ் முனிவன் உறைந்ததாக நாம் போற்றும் பொதிய மலையில்தான்! ஊசியை அசைத்தது வானத்தில் ஓடும் மின்னோட்டம் என்று பின்னர் வந்தோர் கண்டனர். காந்த நடுக்கோட்டின் மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் அம்மின்னாறு மிக வலிதாய் ஓடுகிறது. அக்கோடு இவ்வூரின் அருகே சென்றமையால்தான் தும்பாவைத் தேர்ந்தெடுத்தனர். 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ஏவூர்தி எழும்பியது. மீனவர் தம் குடியிருப்பையும் மரிய மகதலேனா தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்தனர், அக்கோவிலே அலுவலகமாயிற்று. இராமேசுவரம் தந்த அப்துல் கலாம் அங்கே பணிபுரிந்த இளைஞருள் ஒருவர். வானத்தின் இயல்பை உலகம் அறிய மீனவர் தம் மண்ணைத் தந்தனர் என்பதைத் தாங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். அதற்குக் காரணம் பின்னர் வரும்.

பொழுதுபோக்காளரின் திருவிழா என்பது போட்டி. அவற்றுள் பெரியது 'சி.க்யூ. உலகப் போட்டி'. அக்டோபர் இறுதி வாரத்தில் பேச்சுக்கும், நவம்பர் இறுதி வாரத்தில் மோர்ஸ் ஒலிக்குமாக இரண்டு முறை நடக்கும். நம் கணக்கில் சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கித் திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு முடியும். 48 மணி நேரம். உலகை 40 மண்டலங்களாகப் பிரித்துள்ளனர். நாம் இருப்பது 22ஆம் மண்டலம். ஒருவரையொருவர் அழைத்து, ஒலியின் தரத்தையும் மண்டல எண்ணையும் பரிமாறி, பிழையின்றி எழுதிக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அத்தொடர்பு நீக்கப்படும், தண்டமும் உண்டு. வேறு கண்டத்து நிலையத்திற்கு 3 புள்ளி. தன் கண்டத்து வேறு நாட்டிற்கு 1 புள்ளி. தன் நாட்டிற்கோ புள்ளி இல்லை. இவ்விதியைத் தாங்கள் மறவாதிருக்க வேண்டும்.

எம் நிலையம் எளியது. முதலில் 5 வாட் ஆற்றலுள்ள கருவி ஒன்றை எம் கையாலேயே செய்தோம். சைக்கிள் விளக்கின் ஆற்றலைப் போல மிகச் சிறியது அது. பின்னர்ப் பழைய விலைக்கு 100 வாட் கருவி ஒன்று வாய்த்தது. ஏரியல் என்பது செம்புக் கம்பியே. 7 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் நீளம் வேண்டும். வீட்டின் பின்புறம் நின்ற இரு தென்னைகளின் இடையே கட்டினோம். காற்றில் தென்னை ஆடியதும் கம்பி அறுந்தது. மறுபடி கட்டினோம், மறுபடியும் அறுந்தது. ஒருநாள் நடைமேடையில் நின்றபோது, மின்வண்டிப் பாதையின் கம்பியைத் தூணருகே எடைக்கற்கள் தொங்கி இழுத்து நிற்கக் கண்டோம். அன்று மாலையே ஒரு கப்பி வாங்கி, கம்பியின் ஒரு முனையில் ஒரு கருங்கல்லைத் தொங்கவிட்டோம். தென்னை ஆடும்போது கல் ஏறி இறங்கும், கம்பி அறுவதில்லை. பல ஆண்டுகள் நாள்தோறும் பார்த்த பொருளிலிருந்து பாடம் கற்க எமக்கு மூன்று கம்பிகள் செலவாயின!

இவ்வூரில் போட்டிக்கு இடர்கள் பல. அக்டோபர், நவம்பர் மாலைகளில் துலா மழையின் இடி முழங்கும். ஒவ்வொரு மின்னலும் காதில் சாட்டையடிபோல் விழும். இடி நெருங்கினால் ஏரியலைக் கழற்றிவிட்டுச் சும்மா இருத்தல் வேண்டும். புள்ளியினும் உயிர் பெரிது. இருட்டிய பின் சில மணி நேரம் காந்த நடுக்கோட்டின் மேல் வான்கூரை குமிழியிட்டுக் குலையும், ஒலிகள் நடுங்கும். அமெரிக்காவோ உலகின் மறுபுறம்; வடதுருவத்தை ஒட்டி வரும் அவ்வொலி பெரும்பாலும் முணுமுணுப்பாகவே கேட்கும். பொழுது விடியும் வேளையும் சாயும் வேளையும் மட்டும் வானம் வாசலைத் திறக்கும். விழுங்கும் அடுக்கு இராது, திருப்பும் அடுக்கு இருக்கும். அந்த அரைமணி நேரத்திற்காக இரவெல்லாம் விழித்திருப்போர் பலர்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 25, 26ஆம் நாள்களில் நடந்த போட்டியில் யாம் அமர்ந்தோம். ஞாயிறு இரவு 7 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஐரோப்பிய நிலையங்கள் வரிசையில் நின்று எம்மை அழைத்தன. ஒவ்வொன்றும் 3 புள்ளி. அப்போது அவற்றின் அடியில் மிக நலிந்ததோர் ஒலி கேட்டது. 'வி.யு.' என்ற இரண்டெழுத்து மட்டுமே பிடிபட்டன. நம் நாட்டவர் எவரோ சிறு கருவியோடு அழைக்கிறார். நான்கு முறை அழைத்தார். அவருக்குப் புள்ளி இல்லை. ஆதலின் விடை கொடாமல் கடந்தோம். ஐந்தாம் முறை அவர் அழைக்கவில்லை. திங்கட்கிழமை காலை கண்கள் சிவக்க அலுவலகம் சென்று, போட்டியின் பெருமையைத் தோழர்களிடம் அளந்தோம்.

மூன்று நாள் சென்றது. நவம்பர் 30, வியாழக்கிழமை. ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் விரைந்து வலுத்தது. அதற்கு முன்னரே ஆழ்கடல் சென்றுவிட்ட படகுகளுக்குச் செய்தி எட்டவில்லை. எம் அலுவலகத்தில் கடைநிலை ஊழியராய் இருந்த தோழர் ஒருவர் கன்னியாகுமரிக் கடற்கரையைச் சேர்ந்தவர். அவருடைய தம்பி கடலில் இருந்தார். அன்று மாலை தோழர் எம் வீட்டுக்கு வந்தார். நின்றுகொண்டே கேட்டார்:

"அண்ணாச்சி, ஐரோப்பாவோடு பேசினதாகச் சொன்னீர்களே. தம்பியின் படகு நூறு மைலுக்குள்தான் இருக்கும். ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்களேன்."

எம்மால் இயலவில்லை. படகுகளில் இருந்தது கைக்கருவி. அதன் அலை மிகக் குறியது; வான்கூரையில் பட்டுத் திரும்பாது; கண்பார்வை போல் நேரே சென்று தொடுவானத்தோடு முடியும். படகிலிருந்து படகுக்கு 10, 15 கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. கடலோடிகளின் அலைவரிசையில் பேச எமக்கு உரிமையும் இல்லை. இவற்றையெல்லாம் அவருக்கு விளக்கினோம். அவர் தலையசைத்தார், ஆனால் போகவில்லை. ஆதலின் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எட்டாதென்று அறிந்தே, இரவெல்லாம் செவிசாய்த்தோம். இரைச்சலன்றி ஒன்றும் வரவில்லை. விடியற்காலையில் அவர் எழுந்து போனார். அப்புயலில் மாண்டும் காணாமலும் போன நூற்றுக்கணக்கான மீனவருள் அத்தம்பியும் ஒருவர்.

வானத்தை அறிய மண்ணைத் தந்த கடற்கரை இது. அக்கரையின் மக்களுக்கு வான்வழி ஒரு சொல் போய்ச் சேரவில்லை. எம் மேசை மீதோ போட்டிக் குறிப்பேடு திறந்து கிடந்தது. அதில் நானூற்றுக்கு மேற்பட்ட தொலைநாட்டுப் பெயர்கள். அண்மைக்குப் புள்ளி இல்லை என்ற விதியை யாம் போட்டியோடு விடாமல் வாழ்க்கைக்கும் எடுத்துக்கொண்டோமோ என்ற எண்ணம் அன்று எழுந்தது, இன்றளவும் அகலவில்லை. நான்கு முறை அழைத்த அந்த நலிந்த ஒலி எவருடையது என்பதையும் இன்றளவும் அறியோம்.

அறிந்தோர் கூறக் கேட்டு ஓர் உண்மை உணர்ந்தோம். ஏரியலை உயரக் கட்டினால் அலை சாய்வாய்ச் சென்று தொலைநாட்டில் இறங்கும். இடையிலுள்ள ஊர்களைத் தாண்டிவிடும். அதே கம்பியை நான்கைந்து மீட்டர் உயரத்தில் தாழக் கட்டினால், அலை தலைக்கு மேலே எழுந்து, வான்கூரையில் பட்டு, குடை விரித்தாற்போல் முந்நூறு நானூறு கிலோமீட்டர் வட்டத்தில் இறங்கும். மலையும் மரமும் அதைத் தடுப்பதில்லை. தொலைவுக்கு உயரம், அண்மைக்குத் தாழ்வு. எம் தென்னைகளில் இரண்டாவது கம்பியொன்றைக் கைக்கெட்டும் உயரத்திற்குச் சற்று மேலே கட்டினோம். அதனால் போட்டியில் ஒரு புள்ளியும் கூடாது.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. மாவட்டங்கள் பலவற்றில் மின்சாரமும் கைபேசியும் பல இடங்களில் அற்றன. மலையாள நண்பர்கள் பலர் மின்கலத்தில் நிலையம் நடத்தினர். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ், இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸ் என மூன்று நாள் அத்தாழ்ந்த கம்பியில் யாம் செய்தி வாங்கிக் கொடுத்தோம். எந்த வீட்டு மாடியில் எத்தனை பேர், எவருக்கு எம்மருந்து என்பவையே செய்திகள். போட்டியில் பெற்ற பழக்கம் அங்கே கைகொடுத்தது. எண்ணை ஒவ்வோர் இலக்கமாய்ச் சொல்லித் திரும்பக் கேட்டல், தேவையற்ற சொல்லை நீக்கல், வலிய குரலை நிறுத்திவைத்து நலிந்த குரலை முதலில் அழைத்தல். போட்டி வீணன்று, அது பயிற்சி. எதற்குப் பயிற்சி என்பதை மறப்பதே வீண்.

யாம் கூறும் இதனை நம்மினும் பெரியோர் முன்னரே காட்டியுள்ளனர். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் குழுவினரும் அந்தமானுக்குச் சென்றனர். நெடுங்காலம் ஒலியாதிருந்த அத்தீவிலிருந்து உலகெங்குமுள்ள ஆர்வலரோடு தொடர்பு கொள்வதே அவர் நோக்கம். டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியது. தொலைபேசி அறுந்தது. தொலைநாடுகளை நாடிச் சென்ற அந்நிலையமே தீவு மக்களின் நலத்தைத் தாய்நாட்டிலிருந்த உறவினர்க்கு அறிவிக்கும் வழியாயிற்று.

இப்போது எம் விண்ணப்பம். சென்ற மாதம் அத்தோழர் மீண்டும் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "தம்பி மகனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்துவிட்டது, அண்ணாச்சி. அவனுக்கு அந்தத் தந்தி வித்தையைச் சொல்லிக்கொடுப்பீர்களா?" முதல் கேள்விக்கு எம்மிடம் விடை இல்லை. இதற்கு உண்டு. ஆயினும் ஒரு சிறுவனுக்கு எம் வீடு போதும். பத்துச் சிறுவர்க்குச் சங்கம் வேண்டும். சங்கக் கட்டடத்தின் மாடியில் இரண்டு கம்பம், ஒரு மேசை, ஒரு மின்கலம், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் தந்தருளுங்கள். கருவி யாம் கொணர்வோம். தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் கடற்கரைப் பிள்ளைகளும் ஒன்றாய் அமர்ந்து கற்கட்டும். கம்பிகள் இரண்டு கட்டுவோம். ஒன்று உயர, ஒன்று தாழ.

பிறந்த மண்ணை விட்டு வந்த நாம், தொலைவிலிருந்து வரும் ஒலிக்கு எப்போதும் ஏங்குகிறோம். அவ்வேக்கம் நன்று. அதனூடே அருகில் நலிந்து ஒலிக்கும் குரலுக்கும் செவி கொடுப்போமாக!